ஹந்தானை மலையில் ஓர் ‘இந்தியக்’ கிராமம்: பழைய சாகசப் படம் ஒன்றை எப்படி மதிப்பிடுவது?

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ‘இந்தியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாவது படமான ‘டெம்பிள் ஒஃப் டூம்’ நமது நாட்டில் எடுக்கப்பட்டது என்பதால் அதை மாணவருக்குப் போட்டுக் காட்ட அவர் விரும்புகிறார். இந்தியக் கிராமம் ஒன்றின் புனிதக் கல்லையும் பிள்ளைகளையும் பறித்துச் சென்ற நரபலிக் கூட்டத்திடமிருந்து ஓர் அமெரிக்கப் பேராசிரியர் அவற்றை மீட்கும் சாகசக் கதை அது. அது இந்தியரையும் இந்து சமயத்தையும் இழிவுபடுத்தும் படம் என்று சக ஆசிரியர் சிலர் சொல்கிறார்களாம். வேறு சிலரோ, அந்தக் காலத்திலேயே ஆசிய நடிகர்களை நிறைத்து எடுத்த ஹொலிவூட் படம் அதுதான் என்று வாதிடுகிறார்களாம். பன்முகத்தன்மை, பிரதிநிதித்துவம் என்று பாடநூலில் வரும் அளவுகோல்களால் இதை எப்படி மதிப்பிடுவது, காட்டலாமா கூடாதா என்று கேட்கிறார்.

காட்டலாம், ஆனால் முழுவதையும் காட்ட வேண்டியதில்லை. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் சக ஆசிரியர்களில் இரு தரப்பாரும் தத்தம் வழியில் சரியாகவே சொல்கிறார்கள். ஒரு தரப்பு தலைகளை எண்ணுகிறது, மற்றத் தரப்பு கதையை எடைபோடுகிறது. ஒரே படத்தை இரண்டு தராசில் வைத்துவிட்டு நிறை ஒத்துவரவில்லை என்று சண்டை பிடிக்கிறார்கள்.

தலைகளை எண்ணினால் இந்தப் படம் நல்ல புள்ளி வாங்கும். 1984 மே மாதம் வெளிவந்த இப்படத்தில், கதாநாயகனாகிய ஹரிசன் போர்ட்டுக்குப் பக்கத்தில் படம் முழுக்க ஓடிவரும் சிறுவன், சைகோனில் 1971இல் பிறந்து வியட்நாமை விட்டுத் தப்பி அமெரிக்காவில் குடியேறிய அகதிக் குடும்பத்துப் பிள்ளையான கீ ஹுய் குவான். வில்லன் மோலா ராமாக வருபவர் அம்ரிஷ் பூரி. நம்மவர்களுக்கு அவரை 1991இல் வந்த ‘தளபதி’ படத்தின் கலிவர்தனாகத் தெரியும். அரண்மனையின் பிரதம மந்திரியாக ரொஷான் சேத் நடிக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் ‘காந்தி’ படத்தில் நேருவாக நடித்தவர். கிராமத்துப் பூசகராக டி. ஆர். நாணயக்காரவும், பெயரில்லாத ஒரு கிராமத்துப் பெண்ணாக இராங்கனி சேரசிங்கவும் வருகிறார்கள். இந்த இருவரும் 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த, சிங்களத் திரைப்படத்தின் போக்கையே மாற்றிய ‘ரேகாவ’ படத்தில் நடித்தவர்கள். வெள்ளைக்கார நடிகரின் முகத்தில் மண்ணிறச் சாயம் பூசி இந்தியராக்கும் வழக்கம் முற்றாக மறைந்திராத காலத்தில் இத்தனை பேரைத் தேடிப்பிடித்து நடிக்க வைத்தது சிறிய விடயமல்ல.

எண்ணிக்கை அத்தோடு நிற்கிறது. அந்த முகங்களுக்கு வாயில் என்ன கொடுக்கப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. அதனால் ஒரு பழைய படத்தை மதிப்பிட வேண்டும் என்றால் நான் முதலில் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுப்பேன். யார் எந்த மொழியில் பேசுகிறார்கள், யாருடைய பேச்சு பார்வையாளருக்கு விளங்க வேண்டும் என்று படம் நினைக்கிறது, யாருடைய பேச்சை வெறும் ஓசையாக விட்டுவிடுகிறது, காரணம் சொல்லும் வசனம் யாருக்கு வருகிறது, கத்தலும் மந்திரமும் மட்டும் யாருக்கு வருகின்றன என்று கவனிப்பேன். இந்தப் பழக்கம் எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததல்ல. எண்பதுகளின் கடைசியில், வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, ஊருக்கே முற்றத்தில் இந்தப் படத்தைப் போட்ட இரவில், என் தகப்பனார் செய்த காரியத்தால் வந்தது. எங்கள் குடும்பம் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருந்து, 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று. திரையில் வரண்ட கிராமம் ஒன்று காட்டப்பட்டு, அது வட இந்தியாவிலுள்ள மாயாபூர் என்று சொல்லப்பட்டபோது, ஊராட்கள் பேசத் தொடங்கிய அடுத்த கணமே அப்பா பலமாகச் சிரித்துவிட்டார். “இந்தியாவில சிங்களமோ கதைக்கிறாங்கள்?” என்றார். பிறகு பின்னாலிருந்த மலையைப் பார்த்து, “இது ஹந்தானையடா” என்றார்.

இரண்டும் சரி. படக்குழு முதலில் இந்தியாவில்தான் எடுக்க விரும்பியது. திரைக்கதையில் இந்தியரைக் காட்டியிருக்கும் விதம் ஏற்கத்தக்கதல்ல என்று கண்ட இந்திய அரசு, மாற்றங்களையும் இறுதி வெட்டில் தன் சம்மதத்தையும் கேட்டது. அதற்கு இணங்காத தயாரிப்பாளர்கள் 1983 ஏப்ரலில் கண்டிக்கு வந்தார்கள். கிராமம் கண்டியை அடுத்த ஹந்தானை மலையில் எழுந்தது. அப்போது விக்டோரியா அணையைக் கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்களின் உதவியோடு புகழ்பெற்ற அந்தத் தொங்குபாலமும் கட்டப்பட்டது. அரண்மனையின் உட்புறமும் சுரங்கமும் இங்கிலாந்தின் எல்ஸ்ரீ கலையகத்தில் அமைந்தன. ஆக, திரையில் தெரியும் இந்தியா பாதி கண்டியும் பாதி இங்கிலாந்துமாக ஒட்டிச் செய்யப்பட்டது.

இடம் மாற்றி எடுப்பது சினிமாவில் சாதாரணம். அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த இடத்தில் இந்த மாற்றம் நடந்தது என்பதைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி அந்த மலைகளில் கொழுந்து பறித்த மக்களை இலங்கை அரசு ‘இந்தியத் தமிழர்’ என்றே பதிந்துவந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, அவர்களில் பெருந்தொகையினரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்குப் போட்டது. படப்பிடிப்பு நடந்த 1983இலும் நாடற்றிருந்தோர் பலர். இந்தியர் என்று முத்திரை குத்தப்பட்ட மக்கள் வாழ்ந்த மலைத்தொடரிலேயே, உலகமெல்லாம் பார்க்கப்போகும் ஓர் ‘இந்தியக்’ கிராமம் கட்டப்பட்டது. அந்தக் கிராமம் பேசிய மொழியோ சிங்களம். எடுத்தவர்களுக்கு இந்த முரண் தெரிந்திருக்காது. தெரிய வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை என்பதைத்தான் நான் மதிப்பீட்டில் எழுதுவேன். எந்த ஆசிய மொழியாக இருந்தாலும் அமெரிக்கக் காதுக்கு ஒன்றுதான் என்ற எண்ணமே அந்தக் காட்சிக்கு அடித்தளம். படப்பிடிப்பு தொடங்கி மூன்று மாதத்தில் இந்த நாட்டில் என்ன நடந்தது என்பதை உங்கள் மாணவருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆடி வன்செயலுக்கும் படத்துக்கும் தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் ஒரு மொழியைக் கேட்டு ஆளை அடையாளம் காண்பது உயிர் போகும் காரியமாக இருந்த நாட்டில், மொழி எதுவானாலும் பரவாயில்லை என்று எடுக்கப்பட்ட காட்சி அது.

நாணயக்காரவின் பாத்திரத்தில் இன்னும் சற்று நிற்க வேண்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் கமராவுக்கு அப்பால் நின்று வசனத்தைத் துண்டு துண்டாகச் சொல்ல, அவர் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொன்னார். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் ஒரு நிறுத்தம் விழுகிறது. படம் பார்ப்பவர் அந்த நிறுத்தத்தைக் கீழைத்தேய ஞானி ஒருவரின் ஆழ்ந்த மௌனம் என்று எடுத்துக்கொள்கிறார்! உண்மையில் அது, தன் மொழியில் பேச விட்டிருந்தால் நொடியில் ஊரைச் சிரிக்கவும் அழவும் வைத்திருக்கக்கூடிய ஒரு பழுத்த நடிகர், அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும் நேரம். பிரதிநிதித்துவம் என்ற சொல்லை மாணவருக்கு விளங்கப்படுத்த இதைவிட நல்ல உதாரணத்தை நான் கண்டதில்லை. ஆள் இருக்கிறார், முகம் இருக்கிறது, பெயர்ப்பட்டியலில் பெயரும் இருக்கிறது, பேசுவது வேறொருவர்.

வசனம் யாருக்கு வருகிறது என்ற கேள்வியை அரண்மனைக்குள் கொண்டு போனால் இன்னும் சுவாரசியமான ஒன்று அகப்படும். கதை நடப்பது 1935இல். விருந்து மேசையில் பிரித்தானியக் கப்டன் ஒருவரும் இருக்கிறார். வெள்ளையர் தம் சாம்ராச்சியத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதைப் பார்த்தால், நாங்களெல்லாம் நன்றாகப் பராமரிக்கப்படும் குழந்தைகள் போல இருக்கிறது என்ற கருத்துப்பட மந்திரி சத்தார் லால் ஒரு குத்தல் விடுகிறார். படத்தில் உள்ள மிகக் கூர்மையான அரசியல் வசனம் அதுதான். ஆனால் சற்று நேரத்தில் அவர் நரபலி கொடுக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று தெரிகிறது. மோலா ராமும் பிரித்தானியரைத் துரத்துவது பற்றிப் பேசுகிறான். அதே மூச்சில் முஸ்லிம்களையும் யூதரின் கடவுளையும் கிறித்தவரின் கடவுளையும் ஒழித்து உலகை ஆளப்போவதாகவும் சொல்கிறான். காந்தி உயிரோடு நடமாடிய ஆண்டில் நிகழும் கதையில், அந்நிய ஆட்சியை எதிர்த்து வாய் திறக்கும் இருவரும் கொலைகாரர். நல்லவர்களான கிராமத்தவர் யாரும் ஆட்சியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. முடிவில் கப்டன் சிப்பாய்களோடு வந்து துப்பாக்கி தூக்கியதும் பார்வையாளருக்கு மூச்சு வருகிறது. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிரித்தானியரிடமிருந்து பறித்த பண்டாரவன்னியனின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்த நேரத்தில் யார் பக்கம் நின்று மூச்சு விடுகிறார்கள் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் கப்டன் பக்கம்தான் நிற்பார்கள். நானும் அன்று கைதட்டினேன். சாகசப் படத்தின் பலமே அதுதான்.

படத்தில் நரபலிக் கூட்டமாக வரும் தக்கர் பற்றியும் சொல்ல வேண்டும். வழிப்போக்கரைத் துணியால் கழுத்து நெரித்துக் கொள்ளையடித்ததாகச் சொல்லப்பட்ட கூட்டங்கள் மீது 1830களில் வில்லியம் ஸ்லீமன் என்ற அதிகாரியின் தலைமையில் பெரும் வேட்டை நடந்தது. அவர்கள் காளிக்குப் பலியிடும் ஒரு மதக் கூட்டம் என்ற சித்திரத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆட்சியாளரின் கற்பனை என்று வரலாற்றாசிரியர் இன்றும் விவாதிக்கிறார்கள். காரணம், சான்றுகளில் பெரும்பகுதி மன்னிப்புக்காகக் காட்டிக்கொடுத்த கைதிகளின் வாக்குமூலம். வாக்குமூலத்தை வைத்து ஒரு மக்களின் வரலாற்றை எழுதினால் என்ன ஆகும் என்பதை வன்னியில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. படம் அந்தச் சந்தேகத்துக்குரிய சித்திரத்தை ஒரு நூற்றாண்டு கழித்து 1935க்குக் கொண்டுவந்து, நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுக்கும் சடங்கையும் தன் கையால் சேர்த்துவிட்டது.

காளியை மரணத்தின் தெய்வமாக மட்டும் காட்டுவதே இந்து சமயத்தவரை மிகவும் நோகடித்தது. உக்கிரமும் தாய்மையும் ஒரே தெய்வத்தில் இருப்பது நமக்குப் புதினமல்ல. முல்லைத்தீவில் கோயில் கொண்ட வற்றாப்பளை அம்மன் மதுரையை எரித்த கண்ணகிதான். அவளுக்காகச் சிலாவத்தைக் கடலில் நீர் எடுத்து விளக்கேற்றி, வைகாசி விசாகத்தில் பொங்கல் வைப்பவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவளிடந்தான் போகிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்க அறியாத படம் காளியைத் தீயதென்றும் சிவனை நல்லதென்றும் கூறுபோட்டு, கடைசியில் பாலத்தில் தொங்கியபடி ஓர் அமெரிக்கப் பேராசிரியர் சிவனின் பெயரால் காளியின் பூசாரியான மோலா ராமைச் சபிக்க வைக்கிறது. தெய்வத்தின் பொருளை உள்ளூரவருக்கு எடுத்துச் சொல்லும் உரிமையும் அவருக்கே போய்ச் சேர்கிறது.

விருந்துக் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். பாம்பு, வண்டு, கண் மிதக்கும் சூப்பு, குரங்கு மூளை. அது அரண்மனையில் ஏதோ பிழை இருக்கிறது என்பதற்கான குறிப்பு என்று வக்காலத்து வாங்குவோரும் உண்டு. வன்னியில் இருந்துகொண்டு இறைச்சி வகையைப் பார்த்து மூக்கைச் சுளிக்க எனக்கு மனம் வரவில்லை. காட்டிறைச்சி தின்பவர்கள் என்று பட்டணத்தார் நம்மைச் சொல்லிச் சிரித்ததை நாமும் கேட்டவர்கள்தான். எனக்குப் படுவது வேறு. இதற்கு முன் கிராமத்தில் ஒரு சாப்பாடு வருகிறது. பஞ்சத்தில் வாடும் மக்கள் தம் வாய்க்கில்லாததை விருந்தினருக்கு வைக்கிறார்கள், நாயகி அருவருக்கிறாள், நாயகன் அவளைக் கண்டிக்கிறான். பெரும்பகுதி இந்தியாவில் ஓடும் படத்தில் உணவு இந்த இரண்டுதான்: ஒன்று இரக்கத்துக்கு, மற்றது அருவருப்புக்கு. வேலை முடிந்து வந்து கைகழுவிச் சோறும் கறியும் சாப்பிடும் ஒரு சாதாரண மனிதரை எங்கும் காணவில்லை. பெண்களின் நிலையும் அப்படியே. அழும் கிராமத் தாய்மாரைத் தவிர, கதையை நகர்த்தும் இந்தியப் பெண் எவரும் இல்லை. அமெரிக்க நாயகிக்கும் அலறுவதே தொழில் என்பதால் இந்த விடயத்தில் படம் எல்லா இனத்தையும் சமமாக நடத்துகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

குறையை மட்டும் எழுதினால் மதிப்பீடு நேர்மையாகாது. சிறுவன் ஷோர்ட் ரவுண்டின் ஆங்கிலம் சிரிப்புக்காகக் கொச்சையாக்கப்பட்டது உண்மை. ஆனால் மயக்கத்தில் வீழ்ந்த நாயகனைத் தீப்பந்தத்தால் சுட்டு மீட்பவனும், மகாராசாச் சிறுவனைத் தெளியவைப்பவனும் அவன்தான். அவன் இல்லாவிட்டால் கதை அரைவாசியில் முடிந்துவிடும். அந்தப் பாத்திரத்தில் உயிரோட்டமாக நடித்த குவான், வளர்ந்தபின் நல்ல வேடங்கள் கிடைக்காமல் நீண்ட காலம் நடிப்பையே விட்டிருந்தார் என்பதும், பிறகு திரும்பிவந்து 2023இல் ஒஸ்கார் விருது வென்றார் என்பதும் படத்தைவிடத் தொழிலைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும் தகவல்கள். அடுத்து, முதற்படத்தில் அரும்பொருளை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகத் துடித்த அதே நாயகன், இங்கே மீட்ட கல்லை ஊராரிடமே கொடுத்துவிடுகிறான். அருங்காட்சியகத்தில் அது தூசு படிந்து கிடக்கும் இன்னொரு கல்லாகத்தான் இருக்கும் என்ற கருத்தும் சொல்லப்படுகிறது. கோயிற் பொருட்களை மேல்நாடுகள் திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சு இன்றைப்போல் உரக்க எழாத காலத்தில் இது வந்தது. அம்ரிஷ் பூரியின் நடிப்பையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பொல்லாத பாத்திரம் என்றாலும் அதைத் தன் சொந்த வலுவால் நிறைத்துவிட்டார். படம் பார்த்த சிறுவர் நாயகனைவிட அவரைத்தான் ஊரில் நடித்துக் காட்டித் திரிந்தோம்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தானே எடுத்தார்கள் என்ற சமாதானம் உங்கள் வகுப்பில் நிச்சயம் எழும். இந்தப் படத்துக்கு அது செல்லாது. ஆட்சேபம் பின்னாளில் எழுந்ததல்ல; படப்பிடிப்புக்கு முன்பே, காட்டப்படும் நாட்டின் அரசே எழுத்தைப் படித்துவிட்டுச் சொல்லியிருந்தது. படம் இந்தியாவில் சிறிது காலம் தடையிலும் இருந்தது. ஆகவே அறியாமை என்று முழுதாகத் தள்ளிவிட முடியாது. இதில் வெறுப்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை. பழைய சாகசக் கதைகளை நேசித்த இருவர், ஸ்பீல்பேர்க்கும் கதை எழுதிய ஜோர்ஜ் லூகாஸும், அந்தக் கதைகளின் அழுக்கையும் சேர்த்தே நேசித்திருக்கிறார்கள்.

இனி நடைமுறை. நெஞ்சைப் பிளக்கும் பலிக் காட்சியை விடுங்கள். அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டோர் பற்றிப் பெற்றோரை எச்சரிக்கும் புதிய தரப்படுத்தல் 1984 யூலையில் கொண்டுவரப்பட்டதற்கே இந்தப் படத்தின் கொடூரம் ஒரு காரணம். இன்னொரு காட்சியில் அதைவிடக் கவனம் தேவை. பிள்ளைகள் கடத்தப்பட்டு அடிமையாகச் சுரங்கத்தில் வேலை செய்கிறார்கள். இறுதியில் அத்தனை பிள்ளைகளும் ஓடிவந்து தாய்மாரின் கைகளில் விழுகிறார்கள். கண்டியிலோ கொழும்பிலோ அது மகிழ்ச்சியான முடிவு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் போராடிவரும் ஊரில், அந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் அதை முன்னறிவிப்பின்றி ஓடவிடக் கூடாது. காட்டுவதானால் முதல் நாளே சொல்லுங்கள். வெளியே போக விரும்புபவர் போகட்டும்.

பாடத்துக்குக் கிராமக் காட்சியும் விருந்துக் காட்சியும் போதும், இரண்டும் சேர்ந்து ஒரு பாடவேளைக்குள் அடங்கும். கிராமக் காட்சியை முதலில் திரையை மூடி ஒலியாக மட்டும் போடுங்கள். உங்கள் மாணவர் கீழ்வகுப்புகளில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்தவர்கள்தானே. விளங்கிய சொற்களை எழுதச் சொல்லுங்கள், இது எந்த நாடு, எந்த ஊர் என்று ஊகிக்கவும் சொல்லுங்கள். படத்தைப் பிறகு திறவுங்கள். வகுப்பு முடிய நேரமிருந்தால் 2000ஆம் ஆண்டில் வந்த ‘தெனாலி’யிலிருந்து ஒரு துண்டையும் இதே விதமாகப் போடலாம், அதில் போரால் மனம் நலிந்த ஈழத்தமிழரின் பேச்சைக் கமல்ஹாசன் பேச, தமிழகத் திரையரங்குகள் சிரித்தன. நாமும் சிரித்தோம். மாணவர் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, விவாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.